கையில் வந்த காசு கடைசிவரை வருமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓய்வுபெறும்போது கிடைக்கும் காசைப் பற்றியவை. பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள், மற்றவர்களுக்குச் சொல்லவேண்டியதில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

கேள்வி: வெள்ளவத்தை வாசகர்

மாசி மாதம் எனக்கு 60 முடிகிறது. தனியார் கம்பனியில் கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை. ஊழியர் சேமலாப நிதியில் 92 இலட்சம் இருக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதியில் 13 இலட்சம் வரும். கடைசிச் சம்பளம் 1 இலட்சத்து 40 ஆயிரம் என்பதால் பணிக்கொடை 21 இலட்சத்து 70 ஆயிரம். எல்லாவற்றையும் எடுத்து நிலையான வைப்பில் போட்டால் 8 வீதப்படி மாதம் 84 ஆயிரம் வட்டி வரும். வீட்டுச் செலவு இப்போது 95 ஆயிரம். இரண்டு அறை பிளட் சொந்தமாக இருக்கிறது. மனைவிக்கு 56 வயது. கொஞ்சம் சிக்கனமாக இருந்தால் வட்டியிலேயே சீவிக்கலாம், முதல் கரையாது என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்:

ஐயா, கணக்குப் பிரிவில் இருந்தவர், கூட்டல் பெருக்கலில் பிழை விட்டிருக்கமாட்டீர்கள். ஆனால் இது இந்த வருடத்துக்கு மட்டும் சரிவரும் கணக்கு. இலங்கை மத்திய வங்கி விலைவாசி ஏற்றத்துக்கு வைத்திருக்கும் இலக்கே வருடத்துக்கு 5 வீதம். அதாவது நாட்டில் ஒரு குழப்பமும் இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட, உங்களுடைய 95 ஆயிரம் ரூபாய்ச் செலவு பதினான்கு வருடத்தில் இரண்டு மடங்காகிவிடும். இருபது வருடத்தில் அது இரண்டரை இலட்சம். அப்போதும் வட்டி 84 ஆயிரமாகவே வந்துகொண்டிருக்கும், அது இன்றைய 32 ஆயிரம் வாங்கும் சாமானைத்தான் வாங்கும். வங்கிப் புத்தகத்தில் முதல் ஒரு சதமும் குறையாமல் அப்படியே இருக்கும், வீட்டில் மட்டும் மருந்துக்குக் காசு போதாது. முதல் கரையாது என்று நாம் சொல்லிக்கொள்வது இந்த நிலையைத்தான்.

நான் திரும்பத் திரும்ப எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: வருகிற வட்டியில் ஒரு பங்கு உங்களுடைய செலவுக்கு உரியது அல்ல. 8 வீதம் வந்து விலை 5 வீதம் ஏறினால், அந்த 5 வீதம் முதலின் தேய்மானத்தை ஈடுசெய்ய வந்த காசு. அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் முதலைத்தான் சாப்பிடுகிறீர்கள்.

2022, 2023ஐ நினைத்துப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஒரு வருடத்து விலையேற்றம் 69.8 வீதம். அந்த நேரத்தில் திறைசேரி உண்டியலின், அதாவது அரசாங்கம் ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் கடன்பத்திரத்தின், வட்டி 30 வீதத்தை எட்டியது, வங்கிகளும் நிலையான வைப்புக்கு 25 வீதம்வரை கொடுத்தன. ஒரு கோடி வைத்திருந்தவருக்கு மாதம் 2 இலட்சத்துக்கு மேல் வட்டி வந்தது. எத்தனையோ பேர் அதை வருமானம் என்று நம்பி, செலவையும் அந்த அளவுக்கு வைத்துக்கொண்டார்கள். வைப்பைப் புதுப்பிக்கப் போனபோது அதே ஒரு கோடிக்கு 66 ஆயிரம் என்று சொன்னதும் இடிந்துபோனார்கள். வட்டி குறைந்ததில் அவர்களுக்கு நட்டம் இல்லை, முந்தின வருடமே நட்டம் நடந்து முடிந்துவிட்டது, அவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

சரி, உங்களிடம் மொத்தம் 1 கோடி 26 இலட்சத்து 70 ஆயிரம். மாதம் 95 ஆயிரத்தில் தொடங்கி, ஒவ்வொரு வருடமும் விலையேற்றத்துக்கு 5 வீதம் கூட்டி எடுத்துக்கொண்டு, மீதிக்கு 8 வீத வட்டி வருகிறது என்று வைத்தால் இந்தக் காசு பதின்மூன்று வருடத்தில் முடிகிறது. உங்களுக்கு 73, மனைவிக்கு 69. நம் நாட்டில் 60ஐத் தொட்ட ஒரு பெண் மேலும் இருபது வருடத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். ஆகவே கணக்கை உங்கள் வயதுக்குப் பார்க்காமல் அவருடைய வயதுக்குப் பாருங்கள். முப்பது வருடம், அதாவது அவருக்கு 86 ஆகும்வரை காசு வரவேண்டுமென்றால், இன்றைய விலையில் மாதம் 51 ஆயிரம்தான் எடுக்கலாம்.

இதை வாசித்து மனம் சோரவேண்டாம். 95க்கும் 51க்கும் இடையிலுள்ள பள்ளத்தை மூட வழி இருக்கிறது, 60 வயதில் கண்டுபிடிப்பதால்தான் இருக்கிறது.

முதலாவது, முடிந்தால் இன்னும் மூன்று வருடம் ஏதாவது வேலை செய்யுங்கள். 2021இல் வந்த சட்டப்படி தனியார் துறையில் 60 வயதுவரை வேலையில் வைத்திருக்கவேண்டும், அதற்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று அதில் இல்லை. கணக்கு எழுதத் தெரிந்தவருக்குப் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் சிறிய கடைகள், கம்பனிகள் பகுதிநேர வேலை கொடுக்கும். மூன்று வருடம் சேமிப்பைத் தொடாமல் அன்றாடச் செலவை உழைப்பில் சமாளித்தால் 51 ஆயிரம் இன்றைய விலையிலேயே 60 ஆயிரத்தை நெருங்கிவிடும். காசு வளர மூன்று வருடம், அதோடு செலவழிக்கவேண்டிய வருடத்திலும் மூன்று குறைவு, இரண்டு பக்கமும் இலாபம்.

இரண்டாவது, அந்த பிளட். இரண்டு அறை, இரண்டு பேர். ஒரு அறையைப் படிக்கவந்த பிள்ளைக்கோ வேலைசெய்யும் பிள்ளைக்கோ வாடகைக்குக் கொடுக்க மனம் ஒப்புமா என்று மனைவியோடு கதையுங்கள். ஊரில் வீடு இருந்தாலோ, வத்தளைப் பக்கம் குறைந்த வாடகையில் இருக்க முடிந்தாலோ, முழு பிளட்டையும் வாடகைக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. வாடகையில் எனக்குப் பிடித்த விஷயம், விலைவாசி ஏறும்போது அதுவும் ஏறும். வங்கி வட்டி அந்த உறுதியைத் தராது.

மூன்றாவது, சேமலாப நிதியை எடுக்க அவசரப்படாதீர்கள். ஆண்கள் 55லும் பெண்கள் 50லும் எடுக்கலாம் என்பதால் எடுத்தே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எடுக்காமல் விட்டாலும் வருடாவருடம் வட்டி சேரும். 2022க்கு 9 வீதம், 2023க்கு 13, 2024க்கு 11 வீதம் கொடுத்தார்கள். இன்று எந்த வங்கி 11 கொடுக்கிறது? மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் வசதி அங்கே இல்லை, எடுத்தால் முழுவதும் கைக்கு வந்துவிடும். அதனால் முதலில் பணிக்கொடையையும் நம்பிக்கை நிதியையும் வைத்துச் சமாளியுங்கள். அந்த 34 இலட்சத்து 70 ஆயிரம், நான் சொன்ன 51 ஆயிரக் கணக்கில், ஐந்து வருடத்துக்குத் தாராளமாகப் போதும். அந்த ஐந்து வருடத்தில் 92 இலட்சம், வருடத்துக்கு 9 வீதம் என்று குறைத்தே வைத்தாலும், 1 கோடி 41 இலட்சமாக நிற்கும். வட்டி ஒவ்வொரு வருடமும் மாறும், அந்த நிதியின் பெரும்பகுதி அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன்பத்திரங்களான திறைசேரி முறிகளில்தான் இருக்கிறது, 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அதற்கும் கைவைத்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டே இதைச் சொல்கிறேன். அப்படியிருந்தும் 60 வயதுக்காரர் ஒருவர் ஒரு கோடியை ஒரே நாளில் கையில் வாங்கி வைத்திருப்பதைவிட இது பாதுகாப்பு. காசு வந்த செய்தி சொந்தபந்தத்துக்கு எவ்வளவு வேகமாகப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த 34 இலட்சத்தை ஒரே வைப்பாகப் போடாதீர்கள். ஒரு வருடச் செலவைச் சேமிப்புக் கணக்கிலும் மூன்று மாத வைப்பிலும் வைத்துக்கொண்டு, மீதியை ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பிரித்துப் போடுங்கள். தவணைக்கு முன்பு உடைத்தால் வட்டியை வெட்டுவார்கள், பிரித்து வைத்தால் தேவைப்பட்ட ஒன்றை மட்டும் உடைக்கலாம். 60 தாண்டியவர்களுக்கு 10 இலட்சம்வரையான ஒரு வருட வைப்புக்கு 3 வீதம் கூடுதல் வட்டி என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள், உங்கள் பெயரில் அதைக் கேளுங்கள். மனைவிக்கு இன்னும் வயது வரவில்லை.

வரியும் ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வங்கியிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வரி இலக்கத்தோடு பிரகடனப் படிவம் எழுதிக்கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். கவுண்டரில் யாரும் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு வரி வருடத்துக்கும், அதாவது ஏப்ரல் பிறந்ததும், ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்கவேண்டும்.

கேள்வி: பம்பலப்பிட்டி வாசகி

கனடாவில் இருக்கும் மகன், சேமிப்பில் வருடத்துக்கு 4 வீதம் எடுத்தால் ஆயுள் முழுக்கப் போதும், அது நிரூபிக்கப்பட்ட விதி என்கிறார். நம்பலாமா?

பதில்:

அம்மா, மகன் சொல்வது ஒரு நல்ல ஆய்வு. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் எழுதியது. 1926 முதலான அமெரிக்கப் பங்குச்சந்தை, அரசாங்கக் கடன்முறி விவரங்களை வைத்து, முதல் வருடம் 4 வீதம் எடுத்து, பிறகு ஒவ்வொரு வருடமும் விலையேற்றத்துக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டு போனால் முப்பது வருடமாவது தாங்கும் என்று காட்டினார். காசில் பாதியளவு பங்குகளில் இருக்கவேண்டும் என்பது அதற்குள் இருக்கும் நிபந்தனை. நம்மில் யார் ஓய்வுக்காசில் பாதியைக் கொழும்புப் பங்குச்சந்தையில் வைத்திருக்கிறோம்? ஒரே வருடத்தில் எழுபது வீதம் விலையேறிய அனுபவமும் அந்தக் கணக்கில் இல்லை.

அதற்காகத் தூக்கி எறியவேண்டாம். 4 வீதத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், 1 கோடிக்கு மாதம் 33 ஆயிரம். விலை பயங்கரமாக ஏறும் வருடத்தில் முழு ஏற்றத்தையும் எடுக்காமல் கொஞ்சம் இறுக்கிப்பிடியுங்கள், அமைதியான வருடத்தில் பழைய நிலைக்கு வாருங்கள். மகன் மாதாமாதம் டொலர் அனுப்புகிறவரென்றால் வங்கியில் உங்கள் பெயரில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து, அதில் ஒரு பங்கை ரூபாயாக மாற்றாமலே வைத்திருங்கள். வட்டி குறைவுதான். 2022 மார்ச்சில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, அப்படி வைத்திருந்தவர்கள்தான் மருந்து விலையைத் தாங்கினார்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகி

கணவர் போன வருடம் தவறிவிட்டார். அவருடைய காசு 45 இலட்சம் என் கையில். வங்கியில் மாதம் 30 ஆயிரம்தான் வருகிறது. கணவரின் ஒன்றுவிட்ட தம்பி செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் கொடுத்தால் நூற்றுக்கு மூன்று வட்டி, மாதம் 1 இலட்சத்து 35 ஆயிரம் தருவதாகச் சொல்கிறார். நல்ல மனிதர். கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்காதீர்கள் அம்மா.

அவர் நல்லவராகவே இருக்கட்டும். மாதம் மூன்று என்றால் வருடத்துக்கு 36 வீதம். வங்கிக்கடன் கிடைக்கிற வியாபாரி எவரும் அந்த விலைக்குக் கடன் வாங்கமாட்டார். அவருக்கு வங்கி கொடுக்க மறுத்திருக்கிறது, அல்லது பழைய கடனை அடைக்கப் புதிய கடன் தேடுகிறார். முதல் ஒரு வருடம் வட்டி ஒழுங்காக வரும், அதைப் பார்த்து உங்கள் அக்கா தங்கச்சியும் கொடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் தவணை சொல்லத் தொடங்குவார். அந்த நேரம் உறவும் போய்விடும், 45 இலட்சமும் போய்விடும், உங்கள் வயதில் திரும்ப உழைக்கவும் முடியாது.

கோல்டன் கீ நிறுவனம் 2008இல் விழுந்தது நினைவிருக்கிறதா? வைப்பு எடுக்க அனுமதியே இல்லாத நிறுவனம், கூடுதல் வட்டியை நம்பிப் படித்தவர்களும் போட்டார்கள். 2011ஆம் ஆண்டின் நிதித்தொழில் சட்டப்படி மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இல்லாத எவரும் பொதுமக்களிடம் வைப்பு எடுக்கக்கூடாது. அனுமதி இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்கவேண்டாம், த பினான்ஸ் கம்பனி அனுமதி பெற்றுத்தான் இயங்கியது, 2020 மே மாதத்தில் அதன் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது. அனுமதி பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ மூடப்பட்டால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம்வரைதான் திருப்பிக் கொடுக்கும். ஆகவே நிதி நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்காகப் போடுவதென்றால் ஒரு இடத்தில் 10 இலட்சத்துக்கு மேல் போடவேண்டாம், மீதியைப் பெரிய வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். ஒரு பகுதிக்குத் திறைசேரி உண்டியல் வாங்கலாம். 91, 182, 364 நாள் என்று இருக்கிறது, வங்கி மூலமோ, அரசாங்கக் கடன்பத்திரம் விற்க மத்திய வங்கி நியமித்த முதனிலை வணிகர் மூலமோ வாங்கலாம், உங்கள் பெயரிலேயே மத்திய வங்கியில் பதிவாகும்.

கொழுந்தனாருக்கு என்ன சொல்வது? காசு முழுவதும் வைப்பில் போட்டாயிற்று, தவணைக்கு முன்பு எடுக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். முதலில் போட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: மட்டக்குளி வாசகர்

எனக்கு 68. ஒரே மகன். வீட்டை இப்போதே தன் பெயருக்கு எழுதச் சொல்கிறான், வங்கிக் கடன் எடுத்து வியாபாரம் தொடங்கவேண்டுமாம். எப்படியும் அவனுக்குத்தானே போகப்போகிறது?

பதில்:

போகட்டும், உங்கள் இருவருக்கும் பிறகு போகட்டும். நன்கொடை உறுதி எழுதிவிட்டால் நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. மகன் பெரிய நன்றிகேடு செய்தான் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் உண்டு, எந்தத் தகப்பன் அதைச் செய்வார்? எழுதத்தான் வேண்டுமென்றால் உங்களுக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை வைத்து எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். இருவரும் இருக்கும்வரை வீட்டில் இருக்கவும் வாடகை எடுக்கவும் உங்களுக்கே உரிமை. நொத்தாரிசை நீங்கள் தெரிவுசெய்யுங்கள், மகன் கூட்டிவருபவர் வேண்டாம். ஆனால் சீவிய உரித்து இருக்கும் வீட்டுக்கு வங்கி உங்கள் கையெழுத்து இல்லாமல் கடன் கொடுக்காது. மகன் அதைக் கேட்டு முகம் சுளித்தால், கடனுக்காகத்தான் வீடு கேட்கிறார் என்பது தெளிவு. வியாபாரம் சரியாகப் போகாவிட்டால் வங்கி ஏலம் போடுவது நீங்கள் குடியிருக்கும் வீட்டை. அவருக்கு உதவ ஆசையென்றால், திரும்பி வராவிட்டாலும் உங்கள் சாப்பாட்டைப் பாதிக்காத ஒரு தொகையைக் கையில் கொடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: தெஹிவளை ஆசிரியை

எனக்கு அரசாங்கப் பென்சன் இருக்கிறது. சேமிப்பைப் பற்றி நான் யோசிக்கவேண்டுமா?

பதில்:

டீச்சர், ஆயுள் முழுக்க வரும் வருமானம் உங்களிடம் இருக்கிறது, தனியார் துறையில் இருந்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் பென்சன் விலைவாசியோடு தானாக ஏறாது, அரசாங்கம் கூட்டினால்தான் கூடும். ஆகவே கையில் கிடைத்த பணிக்கொடையை அன்றாடச் செலவுக்கு எடுக்காமல், பிற்காலத்தில் பென்சன் போதாமல்போகும் வருடங்களுக்கும் வைத்தியத்துக்கும் என்று ஒதுக்கி வையுங்கள். பேரப்பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு அதிலிருந்து எடுக்கவேண்டாம்.

கேள்வி: வத்தளை வாசகர்

சேமலாப நிதிப் பதிவில் என் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. 57 வயதாகிறது. இப்போதே ஏதாவது செய்யவேண்டுமா?

பதில்:

இந்த மாதமே செய்யுங்கள். தகப்பன் பெயர் முன்னால் வருவதும் பின்னால் வருவதுமாக நம்முடைய ஆட்களில் எத்தனையோ பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது, காசு எடுக்கப் போகும் அன்றுதான் தெரியவருகிறது. நீங்கள் வேலையில் இருக்கும்போது கம்பனியின் கையெழுத்தும் முத்திரையும் எடுப்பது சுலபம். பழைய கம்பனிகளில் சேர்ந்த காசு வேறு அங்கத்துவ இலக்கத்தில் கிடக்கலாம், அந்தக் கம்பனி மூடப்பட்டிருந்தால் அலைச்சல் கூடும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வேலைக் கடிதங்கள், சேமலாப நிதி அங்கத்துவ அட்டையான பி காட் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் பிரதியெடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்கோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்கோ போங்கள். கூடவே பின்னுரித்தாளியாக, அதாவது உங்களுக்குப் பிறகு காசைப் பெறுபவராக, யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். கலியாணத்துக்கு முன்பு அம்மாவின் பெயரைப் போட்டவர்கள் அதை மாற்ற மறந்தே போயிருப்பார்கள். நீங்கள் அப்படியென்றால் அன்றைக்கே புதிய படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, கையளித்ததற்கு ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.